பெரியவருக்கு ஒரு ஆல்டர்னேட்டர்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், உங்கள் காகிதமெல்லாம் பறக்கிறது. குறையவில்லை என்றால் ரெகுலேட்டர் போயிருக்கும். பத்து நிமிட வேலைதான். ஒரு ஸ்க்ரூடிரைவர் கொடுத்தால் நானே பார்த்துவிடுவேன். வேண்டாமா, சரி.

நீங்கள் ஆல்டர்னேட்டரைப் பற்றிக் கேட்டீர்கள். எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் நான் ஏதோ புத்தி பிசகியவன் போலத் தோன்றும். அதனால் முதலில் என் தங்கையைப் பற்றிச் சொல்கிறேன். அவளைச் சொன்னால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

அம்மா இறந்தபோது அவளுக்கு ஐந்து வயது, எனக்குப் பத்தொன்பது. அடுத்த வருஷமே அப்பா வேறு ஊரில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த நான் அதை விட்டுவிட்டு, வீட்டின் முன்னறையைக் கடையாக்கினேன். கார்களுக்கு வயரிங், பேட்டரி, டைனமோ, செல்ஃப் மோட்டார். அவளைக் குருவி என்று கூப்பிடுவேன். தட்டில் கொத்திக் கொத்தித்தான் சாப்பிடுவாள். ரெட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். இரண்டு பின்னலும் ஒரே நீளத்தில் இருக்கும். வயர் முறுக்குகிற கைக்கு அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கூட்டிவருவதும் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு நாள்கூட அவள் தனியாக வீடு திரும்பியதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள். என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாள். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். பதில் கடிதம் வந்தது. பிரித்துப் படித்தேன். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள், இடம் ஒதுக்கியிருக்கிறோம், இந்தத் தேதிக்குள் வந்து சேருங்கள் என்று. மடித்து, பழைய பேட்டரிகள் வைக்கும் அலமாரிக்குப் பின்னால் செருகினேன். அவள் ஒரு மாதம் வாசலிலேயே நின்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளூரிலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். தனக்கு இடம் கிடைக்கவில்லை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். நான் பொய் சொல்லவில்லை. அவள் என்னிடம் கேட்கவே இல்லை.

மாப்பிள்ளை எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது அந்தக் காரோடுதான். அவர் குடிநீர் வாரியத்தில் வரைபடம் போடுகிறவர். ஒல்லியான ஆள், எதற்கெடுத்தாலும் சிரிப்பார். கார் அவருடைய அப்பா விட்டுப்போனது. வட்ட விளக்குகள், உருண்ட முதுகு, காப்பிக்கொட்டை நிறம். என் தங்கையைவிட வயதில் மூத்த வண்டி. அதை அவர் பெரியவர் என்றுதான் சொல்வார். முதல் தடவை கடை வாசலில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, வியர்வையைத் துடைத்தபடி, "பெரியவருக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் நாடி பாத்துச் சொல்லுங்க" என்றார். உள்ளேயிருந்து என் தங்கை சிரிக்கும் சத்தம் கேட்டது. கடைக்கு வருகிறவர்கள் பேச்சுக்கு அவள் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

எட்டாவது மாதம் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அந்தப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், கோடு ஒன்றுகூட நெளிந்திருக்காது.

ஊரின் மறுகோடியில் வீடு பார்த்துக்கொண்டார்கள். காரில் நாற்பது நிமிடம். முதல் மாதம் எல்லா ஞாயிறும் வந்தார்கள். இரண்டாவது மாதம் ஒரே ஒரு ஞாயிறு. மூன்றாவது மாதம் போன் மட்டும். "வேலை தலைக்கு மேல இருக்குண்ணா, அடுத்த வாரம் கண்டிப்பா வர்றோம்" என்றாள். பின்னால் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது பழைய வண்டிகளில் டைனமோ. அதற்குள் இரண்டு கார்பன் பிரஷ் உண்டு. பென்சில் முனை மாதிரி அவை தேயும். தேய்ந்தால் பேட்டரி ஏறாது, காலையில் வண்டி கிளம்பாது. நாலாவது மாதம் அதுதான் நடந்தது. அது நானாகச் செய்ததல்ல, வயதுக் கோளாறு. வந்தார்கள். இரண்டு பிரஷில் ஒன்றை மாற்றினேன். மற்றது இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று பட்டது. சரியாகப் பதினெட்டாம் நாள் மறுபடி வந்தார்கள்.

அதன் பிறகு பிரஷ் தேவைப்படவில்லை. டைனமோவோடு கட்-அவுட் என்று ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி சேர்ந்திருக்கும். எவ்வளவு மின்சாரம் ஏற வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். அதில் ஒரு திருகாணி. கால் சுற்று தளர்த்தினால் பேட்டரி முழுதாக ஏறாது, இரண்டு வாரத்தில் இறங்கிப் படுத்துவிடும். சிலர் வாருங்கள் என்று கடிதம் எழுதுவார்கள். நான் கால் சுற்று தளர்த்தினேன். நாலு வருஷம்.

அந்த ஞாயிறுகள் எவ்வளவு நன்றாக இருக்கும் தெரியுமா. காலை பத்து மணிக்கு வருவார்கள். நான் பானெட்டைத் திறந்துவைப்பேன். ஐந்து நிமிட வேலையைச் சாயங்காலம் நாலு மணிவரை செய்வேன். தங்கை உள்ளே சமைப்பாள். பிறகு குட்டி பிறந்தாள். அவள் அம்மாவின் பழைய கட்டிலில் தூங்குவாள். மாப்பிள்ளை என் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து டார்ச் பிடிப்பார். "பெரியவருக்கு உங்க மேல அப்படி ஒரு பாசம் மச்சான். பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் உங்க மூஞ்சியப் பாக்கலன்னா படுத்துடுறாரு" என்பார். நானும் சிரிப்பேன்.

நான் அவரை வெறுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவர் நல்ல மனிதர். என் தங்கையை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவர் நல்லவராக இருந்தது எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை, அவ்வளவுதான்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னார். மலைக்கு அந்தப் பக்கம் புது அணைக்கட்டு வேலை. அவருக்கு மாற்றல். ஆறு மணி நேரப் பயணம்.

"மூணு வருஷமாவது ஆகும் மச்சான். அங்கயே குவார்ட்டர்ஸ் குடுக்குறாங்க."

தங்கை தட்டைப் பார்த்தபடி, "வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வந்துடுவோம்ணா" என்றாள்.

ரெண்டு தடவை. நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை காரின் டிக்கியிலிருந்து ஒரு மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிவந்து என் மேஜைமேல் வைத்தார். செய்தித்தாளைப் பிரித்தார். உள்ளே ஓர் ஆல்டர்னேட்டர், புத்தம் புதிது. அதோடு தடித்த சிவப்பு வயர் ஒரு சுருள், பெரிய பியூஸ் ஒன்று. எங்கெங்கோ படித்து, யார் யாரிடமோ கேட்டு, சரியான சாமான்களாகத்தான் வாங்கியிருந்தார். ஆல்டர்னேட்டர் டைனமோவைப் போல அல்ல. வண்டி நின்று உறுமும்போதுகூட நன்றாக ஏற்றும், வருஷக்கணக்கில் தொந்தரவு தராது.

"அந்த மலைக்காட்டுல பெரியவர் படுத்துட்டா நா எங்க போவேன், சொல்லுங்க. டைனமோவத் தூக்கிட்டு இதப் போட்டுக் குடுத்துடுங்க மச்சான். இனிமே எங்களால உங்களுக்குத் தொந்தரவே இருக்காது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். போட்டுத் தருகிறேன் என்றேன்.

வேலையைச் செய்தது நான்தான், வேறு யாரும் கைவைக்கவில்லை. அந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டருக்கு மைனஸ்தான் பாடிக்குப் போக வேண்டும். முதலில் அதைத் திருப்பினேன். டைனமோவைக் கழற்றினேன். ஆல்டர்னேட்டர் உட்காருவதற்கு இரும்புப் பட்டை ஒன்றை அறுத்து, வளைத்து, துளை போட்டேன். பெல்ட்டின் இழுவையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சரிசெய்தேன். கட்-அவுட் பெட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். டேஷ்போர்டில் சார்ஜ் விளக்குக்கு ஒரு சின்ன வயர் இழுத்தேன். எல்லாம் கண்ணுக்கு அழகாக, துணியில் சுற்றி, பழைய வண்டிக்குப் பொருந்துகிற மாதிரி இருந்தது. உங்கள் நிபுணர்கூட அதைக் குறிப்பிட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

டைனமோ கொடுக்கிற மின்சாரம் இருபது ஆம்ப். ஆல்டர்னேட்டர் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதனால் பழைய மெல்லிய வயரை ஒதுக்கிவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராகத் தடித்த வயர் போட்டு, நடுவில் பியூஸ் வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் ஒரு வருஷம் இருந்தவனுக்கும் அது தெரியும். நான் முப்பது வருஷமாக இருக்கிறேன். மாப்பிள்ளை வாங்கிவந்த சிவப்புச் சுருளையும் பியூஸையும் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பழைய மெல்லிய வயரையே இணைத்தேன். அது என்ஜின் பக்கமிருந்து ஒரு துளை வழியாக உள்ளே வந்து, ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு நேர் மேலே, டேஷ்போர்டுக்குப் பின்னால் போகும். அந்தத் துளையின் தகரவிளிம்பில் வயர் அறுபடாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது காய்ந்து வெடித்திருந்தது. எடுத்துப் போட்டேன். புதிது போடவில்லை. உள்ளே இரைச்சல் குறையட்டும் என்று டேஷ்போர்டுக்கு அடியில் கம்பளித் துணி திணித்துக் கொடுத்தேன். அதற்கு அவர் நன்றிகூடச் சொன்னார்.

வெயிலில் ஓட்டினால் அந்த வண்டி மாதக்கணக்கில் ஓடியிருக்கும். ஹெட்லைட், வைப்பர், உள்விசிறி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, மலையேற்றத்தில் இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டினால்தான் அந்த வயர் தாங்காது. எனவே கிளம்பும் தேதியை இரண்டு தடவை தள்ளிப்போட வைத்தேன். பெல்ட் சரியில்லை, வேறு வர வேண்டும் என்றேன். பட்டை விரிசல் விட்டிருக்கிறது என்றேன். ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்பேன். மலையில் மழை இறங்கிவிட்டது என்று சொன்ன அன்று சாயங்காலம், வண்டி தயார் என்று போன் செய்தேன்.

அவர் இன்னொரு சின்ன வேலையும் சொல்லியிருந்தார். கதவுகளின் உள்கைப்பிடிகள் இறுகியிருந்தன. ஓட்டுகிறவர் பக்கத்துக் கைப்பிடி மட்டும் சுத்தமாகச் செத்துப்போயிருந்தது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக்கைப்பிடியால்தான் திறந்து இறங்குவார். அதையும் ஒரு வேடிக்கையாகவே வைத்திருந்தார். "பெரியவர் என்ன லேசுல விடமாட்டாரு." மற்ற மூன்று கதவுகளையும் கழற்றி, எண்ணெய் விட்டு, ஸ்பிரிங் மாற்றினேன். பின்கதவு இரண்டும் ஒரு விரலால் தொட்டால் திறக்கும். மூன்று தடவை திறந்து பார்த்தேன். நாலாவது கதவுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். நான் அந்த இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, கைவிட்டுத் திறந்து பார்த்தேன். கண்ணாடி சுற்றும் பிடியும் இறுக்கம். பதினொரு விநாடி ஆனது.

இப்போது உங்கள் பேனா நின்றுவிட்டது. நான் காத்திருக்கிறேன், எழுதுங்கள்.

கிளம்புகிற அன்று காலையில் பெட்டிகளை நானே ஏற்றினேன். முன்பக்கம் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் மூன்று பெட்டிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினேன். தங்கையிடம், "நீ குட்டியோட பின்னாடி உக்காந்துக்கோ. வளைவுப் பாதை, முன்னாடி உக்காந்தா உனக்கு வாந்தி வரும்" என்றேன். சின்ன வயதில் பஸ்ஸில் அவளுக்கு அப்படித்தான் வரும்.

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியாதாண்ணா?" என்றாள்.

என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பார்வையை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். இந்த முழு விஷயத்திலும் நான் செய்த ஒரே தவறு அதுதான்.

மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். குட்டி பின்கண்ணாடி வழியாகக் கையாட்டினாள். தெருக்கோடி திரும்பும்வரை நின்றேன். பிறகு உள்ளே போய்த் தங்கையின் அறையைப் பெருக்கினேன். கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். குட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மெத்தை. ஜன்னல் திரை பழசாக இருந்தது, அதையும் மாற்றினேன். மத்தியானத்துக்குள் எல்லாம் தயாராகிவிட்டது. கடையில் வேலை இருந்தது, ஆனால் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணி சுமாருக்கு மணி அடித்தது. ஒரு பெண் காவலர் பேசினார். மலைப்பாதையில் ஒரு கார் தீப்பிடித்திருக்கிறது, டிக்கியில் என் கடை அட்டை கிடைத்தது என்றார். நிதானமாகப் பேசினார், அவருக்கு நல்ல பயிற்சி.

"வண்டி ஓட்டினவங்க உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இல்லங்க. அங்கயே முடிஞ்சிடுச்சு. மத்த ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில இருக்காங்க. பெரிசா பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல."

"சரிங்க" என்றேன்.

நீங்கள் கேட்டீர்களே, செய்தி தெரிந்ததும் என் மனநிலை எப்படி இருந்தது என்று. நன்றாக இருந்தது. வாடகை வண்டி பிடித்துப் போனேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். வழியெல்லாம் அவளிடம் என்ன பேசுவது என்று யோசித்தேன். முதல் ஒரு மாதம் எதுவும் பேசக் கூடாது, சாப்பிட வைப்பதும் தூங்க வைப்பதும்தான் வேலை என்று முடிவு செய்தேன். வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் குட்டிக்குப் பிஸ்கட் வாங்கினேன்.

வார்டில் வரிசையாக எட்டுக் கட்டில்கள். நான் பெண்கள் வார்டைத்தான் கேட்டேன். நர்ஸ் ஆண்கள் வார்டுக்குக் கூட்டிப்போனார். ஜன்னலோரக் கட்டிலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்கைவரை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. குட்டி அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"அவதான் ஓட்டினா மச்சான்" என்றார்.

நான் நின்றுகொண்டே கேட்டேன். அவரும் கோவையாகச் சொல்லவில்லை. அழுகை நடுநடுவே வந்தது.

"எனக்கு மலைப்பாதை ஒத்துக்காது மச்சான். தலை சுத்தும். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அடிவாரத்துலயே அவகிட்ட குடுத்துட்டேன். ரெண்டு வருஷமா நல்லா ஓட்டுறா. நாந்தான் கத்துக் குடுத்தேன். உங்ககிட்ட சொல்லவேண்டாம்னு அவதான் சொன்னா. அண்ணன் பயந்தே செத்துடுவாருன்னா. ஒரு ஞாயித்துக்கிழமை அவளே தனியா அத்தனை தூரம் ஓட்டிட்டு வந்து, உங்க கடை வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கணும், நீங்க வெளிய வந்து பாக்கணும்னு ஆசைப்பட்டா."

மழையும் பனியுமாக இருந்ததாம். விளக்கெல்லாம் போட்டிருந்தார்களாம். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து முதலில் நாற்றம், பிறகு புகை, பிறகு ஒரே வீச்சில் தீ. அப்போதும் அவள் வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தி பிரேக் போட்டிருக்கிறாள். "குட்டியத் தூக்கிட்டு ஓடுங்க" என்று கத்தியிருக்கிறாள். பின்கதவு தொட்டதும் திறந்துவிட்டது என்றார் அவர். குட்டியைத் தூக்கிக்கொண்டு இருபது அடி ஓடி, மைல்கல் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்திருக்கிறார். வெளிக்கைப்பிடி பழுக்கக் காய்ந்திருந்தது. விடாமல் பிடித்து இழுத்திருக்கிறார். கதவும் திறந்தது. ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

"கண்ணாடிய இறக்கப் பாத்திருக்கா மச்சான். பாதி இறங்கியிருந்துச்சு."

அதைக் கேட்டபோது எனக்கு வந்தது துக்கம் இல்லை. இங்கே எதையும் மறைக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன். இரண்டு வருஷம் என்னிடம் மறைத்திருக்கிறாள் என்ற வருத்தம்தான் முதலில் வந்தது. நான் ஒளிவுமறைவு இல்லாமல் வளர்த்த பெண். அவள் ஓட்டுவாள் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு ஏதாவது வழி பார்த்திருப்பேன். குற்றம் என்று ஒன்று எழுதினால் அதையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம்.

அவர்கள் இருவரையும் நான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வேறு எங்கே போவார்கள். அணைக்கட்டு வேலை போய்விட்டது. பென்சில் பிடிக்க முடியாதவருக்கு அங்கே என்ன வேலை. தயாராக வைத்திருந்த அறையில் படுக்கவைத்தேன். ஐந்து மாதம் அவருக்குச் சோறு ஊட்டினேன், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன், குளிக்க வைத்தேன். கட்டு மாற்றும்போது வலி தெரியாமலிருக்க ஏதாவது பேசிக்கொண்டே இருப்பேன். "நீங்க மட்டும் இல்லன்னா நாங்க என்ன ஆயிருப்போம் மச்சான்" என்று தினமும் ஒருதரமாவது சொல்வார். தலைசுற்றலை வெட்கப்படாமல் சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று தன்னையே திட்டிக்கொள்வார். நான் மறுத்துப் பேசவில்லை. அதில் உண்மையும் இருந்தது.

காலையில் குட்டிக்குத் தலைவாரி விடுவேன். பகலெல்லாம் கடையில் என் கண்ணெதிரே விளையாடுவாள். ஒருநாள் வாய்தவறிக் குருவி என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். அதிலிருந்து அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து மாதத்தைப்போல நிம்மதியாக நான் பல வருஷமாக இருந்ததில்லை.

பழைய வண்டி, பழைய வயர், விபத்து என்று உங்கள் ஆட்கள் முதலில் எழுதி மூடிவிட்டார்கள். அதை நான் கேட்டு எழுதவைக்கவில்லை. பிறகு ஒருநாள் மாப்பிள்ளை, விரல்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், அலமாரியைத் துடைத்து அடுக்குகிறேன் என்றார். மேல்தட்டிலிருந்து அந்தச் சிவப்புச் சுருளை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி இறக்கினார். சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள்கூடப் பிரியவில்லை. பியூஸ் அதன்மேல் ஒட்டியபடியே இருந்தது.

"மச்சான், இது நா வாங்கிட்டு வந்ததுதானே?"

"ஆமா."

"அப்ப வண்டில எதப் போட்டீங்க?"

அவரிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை. "பழசத்தான்" என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தார். அந்தக் கையால் அவ்வளவு தூரம் அவர் அவளைத் தூக்கியிருக்கக் கூடாது; புதுத்தோல் கிழிந்திருக்கும். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார். நீங்கள் வரும்போது நான் கடையைப் பூட்டிவிட்டு, பையில் துணி எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம். என் தங்கையின் கணவரைக் கொல்வதற்காக அந்த வயரை அப்படிப் போட்டேன். தெரிந்துதான் போட்டேன். கதவையும் தெரிந்துதான் விட்டுவைத்தேன், பெட்டிகளையும் தெரிந்துதான் அடுக்கினேன். மழையையும் எதிர்பார்த்திருந்தேன். தங்கையை நான் கொல்லவில்லை. அவள் வேறு ஒருவருடைய இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். இதற்குமேல் சட்டம் என்ன பெயர் வைக்கிறதோ வைக்கட்டும்.

வக்கீல் பதினாலு வருஷம் என்கிறார். நன்னடத்தை என்றால் குறையுமாம். என் நடத்தையில் யாரும் குறை கண்டதில்லை. குட்டியை மாப்பிள்ளையின் அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாளாம். எந்த ஊர் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டேன் என்கிறார்கள். நீங்களும் சொல்ல வேண்டாம், உங்களைச் சங்கடப்படுத்தமாட்டேன். பெரிய ஊர்கள் எத்தனை இருந்துவிடப் போகின்றன, சிறிய ஊர்கள் எத்தனை. எனக்கு நிறைய நேரம் இருக்கிறது. அந்த அக்காவிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: பிள்ளைக்குப் பால் அதிகச் சூடு ஆகாது, பின்னலை ரொம்ப இறுக்கிப் போடக் கூடாது, தனியாக எங்கேயும் அனுப்பக் கூடாது. மாமா வந்து கூட்டிக்கொள்வார் என்று அவளிடம் அவ்வப்போது சொல்லிவர வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடுவாள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், இங்கேயா. அவளுக்கு இனி என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்.